எழுதிய விதியும் எழுதாத விதியும்

1978இல் அமெரிக்காவில் அச்சான ஒரு விளையாட்டுப் புத்தகத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது. இடப்பக்கம் ஏழு இனங்களின் பெயர்கள், மேலே அதே ஏழு பெயர்கள். குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிற கட்டங்களில் ஒவ்வொரு எழுத்து. எந்த இனம் எந்த இனத்தை விரும்பும், எதைச் சகித்துக்கொள்ளும், எதைக் கண்டால் முகம் சுளிக்கும், எதை அடியோடு வெறுக்கும் என்பதை அந்த எழுத்துகள் சொல்லும். குள்ளருக்கும் அரை ஓர்க்குக்கும் நடுவே உள்ள கட்டத்தில் வெறுப்பு. விளையாட்டு இன்னும் தொடங்கவில்லை. யாரும் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. வெறுப்பு மட்டும் முன்னாடியே வந்து கட்டத்துக்குள் உட்கார்ந்துவிட்டது. மனு இதைப் பார்த்திருந்தால், இத்தனை அத்தியாயம் எதுக்கு, ஒரு பக்கத்தில் முடித்திருக்கலாமே என்று நொந்திருப்பான்.

அதே புத்தகத்தில் இன்னொரு அட்டவணை. எந்த இனத்தவர் எந்தத் தொழிலில் எந்தப் படிவரை ஏறலாம் என்பது. மனிதருக்கு இனத்தின் பேரால் எந்த வரம்பும் கிடையாது. மற்றவர்களுக்கு ஒவ்வொரு தொழிலிலும் ஒரு கூரை கட்டியிருக்கிறது. ஒரே ஒரு தொழிலில் மட்டும் அவர்களில் அநேகருக்கு அந்தக் கூரை இல்லை. அந்தத் தொழில் திருட்டு. (அரை எல்ஃபுக்கு மட்டும் துருயிட்டுப் பூசாரி என்று இன்னொரு திறந்த வாசலும் உண்டு, பாதி மனித ரத்தத்துக்கான சலுகையோ என்னவோ.) தாய் தகப்பனில் ஒருவர் ஓர்க்காகப் பிறந்த அரை ஓர்க்குக்குத் திருட்டிலும் எட்டாம் படியோடு சரி. அவன் எல்லையில்லாமல் உயரக்கூடிய ஒரே வழி கூலிக்குக் கொலை செய்வது. மற்ற வாசலையெல்லாம் சாத்திவிட்டு, திருடுவதற்கும் வெட்டுவதற்கும் மட்டும் ஒரு வாசலைத் திறந்து வச்சுட்டு, அப்புறம் அவன் பிறவியிலேயே அப்படித்தான்னு சொல்றது. 1871இல் வெள்ளைக்காரன் போட்டு, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை அறிந்த நமக்கு இது புதுசாகத் தெரிய நியாயமில்லை.

விளையாட்டின் பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒருவர் நடுவர், உலகத்தையும் எதிரிகளையும் அவர்தான் வாயால் சொல்லிக்கொண்டு போவார். 'நான் கதவை உடைக்கிறேன்' என்று ஒருத்தர் சொன்னால், உடைந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். ஜெயிப்பது தோற்பது என்று ஒன்று கிடையாது. கூத்தில் பாதி, தாயக்கட்டையில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம்.

நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்துக்குப் பாடம் சொல்ல வரும் பெண் ஒருத்தி இதைக் கொண்டுவந்தாள். கல்லூரியில் பழகிக்கொண்டாளாம். ஒன்பதாவது பத்தாவது படிக்கிற பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடத் தொடங்கினாள். என்னிடம் வந்து, "அக்கா, நீங்க தமிழ் எம்.ஏ. இந்தப் பேரையெல்லாம் தமிழ்ல வச்சுக் குடுங்க. நாங்க வீட்டு விதி எழுதப் போறோம்" என்றாள். வீட்டு விதி என்றால், புத்தகத்தில் உள்ளதை மாற்றி ஒரு மேஜை தனக்கென்று வகுத்துக்கொள்ளும் விதி. பேர் வைக்கத்தான் உட்கார்ந்தேன். பேரோடு முடிகிற காரியமாக அது இல்லை. அந்த விவகாரத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த விளையாட்டே ஒரு வீட்டு விதிதான் என்பது பலருக்கும் தெரியாது. கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் 1971இல் வெளியிட்ட 'செயின்மெயில்' என்ற போர் விளையாட்டின் விதிகளை எடுத்து, மினசோட்டாவில் டேவ் ஆர்ன்சன் தன் மேஜைக்குத் தகுந்தபடி மாற்றி மாற்றி ஆடினார். அந்த மாற்றங்களிலிருந்து பிறந்ததுதான் 1974இல் மூன்று சின்னப் புத்தகங்களாக, முதல் அச்சில் 1000 பிரதிகளாக வந்தது. கைகாக்ஸ் இன்சூரன்ஸ் கம்பெனி வேலை போனபிறகு வீட்டு நிலவறையில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். அங்கே ஒருத்தர் வேலை போனதும் செருப்புத் தைக்கலாம், பிறகு புத்தகம் எழுதலாம், அவர் பிள்ளையை யாரும் செருப்புத் தைக்கிறவன் மகன் என்று பந்தியிலிருந்து எழுப்பப் போவதில்லை. அப்படிப்பட்ட ஒருத்தர் கற்பனையில் ஒரு உலகத்தைக் கட்டும்போது பிறப்பை வைத்துக் கூரை போடுகிறாரே என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

1974 புத்தகம் தன்னை முடிக்கும்போது, மிச்சத்தை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள் என்ற தோரணையில்தான் முடித்தது. ஐந்தே வருடம். 1979இல் வந்த நடுவர் கையேட்டில் அதே கைகாக்ஸ் எல்லா மேஜையும் ஒரே மாதிரி ஆட வேண்டும் என்று வலியுறுத்தத் தொடங்கிவிட்டார். ஆர்ன்சன் தன் பங்கு கேட்டு வழக்குப் போட்டதும் அதே வருடந்தான். யாருக்கும் சொந்தமில்லாத பழக்கமாக இருந்தது புத்தகமாகி, சொத்தாகி, அதிகாரமாகிவிட்டது. படிகளுக்கு ஏன் வரம்பு என்பதற்கு அந்தக் கையேட்டில் ஒரு சமாதானமும் இருக்கிறது: இது மனிதரை மையமாகக் கொண்ட உலகம். எல்ஃபுக்கு நீண்ட ஆயுள், இருட்டில் கண் தெரியும். வரம்பு வைக்காவிட்டால் யார் மனிதராக ஆடுவார்கள் என்பது வாதம். மனிதருக்கு ஏதாவது கூடுதலாகக் கொடுத்திருக்கலாமே. அது தோன்றவில்லை. மற்றவன் தலைக்குமேல் கூரை போடத்தான் தோன்றியது. பெண் பாத்திரத்தின் உடல் வலிமைக்கும் 1978 புத்தகத்தில் தனியாக ஒரு கூரை உண்டு. அது 1989 பதிப்பில் போனது.

இந்த வரம்புகளைப் பல மேஜைகள் மதிக்கவேயில்லை. 'எங்க வீட்டுல இது கிடையாது' என்று கிழித்துப்போட்டு ஆடினார்கள். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு வரம்பை வைத்துக்கொண்டே, வேண்டுமானால் மெதுவாக மேலே ஏறலாம் என்று ஒரு ஜன்னலைத் திறந்தது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் வரம்பே இல்லை. மேஜைகள் எப்போதோ செய்து முடித்ததைப் புத்தகம் பிறகு ஒத்துக்கொண்டது. இதுவரை பார்த்தால் வீட்டு விதி விடுதலையின் பக்கம் நிற்பதாகத் தோன்றும். மேலே இருந்து வரும் சட்டத்தைக் கீழே இருப்பவர்கள் திருத்துகிறார்கள். பின்நவீனத்துவம் பேசும் நண்பர்கள் இதைக் கேட்டால் ரொம்ப சந்தோஷப்படுவார்கள்: மையம் சிதைகிறது, பிரதி திறக்கிறது, வாசகரே ஆசிரியராகிறார்.

நம் ஊரில் வைத்து யோசித்தால் அவ்வளவு சந்தோஷப்பட முடியவில்லை. டீக்கடையில் ரெட்டைக் குவளை எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது? அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு கூடாது என்கிறது. 1955இல் ஒரு சட்டம் கூடாது என்றது. 1989இல் இன்னொன்று வந்தது. 'அதெல்லாம் சரி, எங்க ஊரு வழக்கம் ஒண்ணு இருக்குல்ல' என்று சொல்லித்தான் தனிக் குவளையை எடுத்து வைத்தார்கள். அதுவும் வீட்டு விதிதான். கிராமத்தைப் பற்றி 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் அத்தனை கடுமையாகப் பேசியது இதனால்தான். மேலே எழுதும் சட்டத்தைக் கீழே வழக்கம் தின்றுவிடும் என்பதை உடம்பால் அறிந்தவர் அவர். அங்கே புத்தகம் ஏற்றத்தாழ்வை எழுதியது, மேஜை அழித்தது. இங்கே புத்தகம் அழித்தது, ஊர் எழுதாமலே காப்பாற்றியது.

எழுதாத வீட்டு விதி அந்த விளையாட்டிலும் உண்டு. 1981இல் டாம் மோல்ட்வே திருத்திய தொடக்கப் பெட்டியில் அருமையான ஒரு விதி இருக்கிறது. எதிரே ஒரு கூட்டம் வந்தால் அது என்ன செய்யும் என்பதற்கு நடுவர் இரண்டு பகடை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை 2 வந்தால்தான் உடனே தாக்குதல். 36இல் ஒரு வாய்ப்பு. 12 வந்தால் உற்சாகமான நட்பு. நடுவே கோபம், தயக்கம், விலகிப்போதல் என்று பல நிலை. அதாவது, புத்தகத்தின்படியே எதிரே வருகிறவன் பெரும்பாலும் பேசக்கூடியவன். ஆனால் பல மேஜைகளில் இந்தப் பகடை உருளுவதேயில்லை. ஓர்க்கு வந்தானா, உருவு வாளை. இதை யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அப்படித்தான் ஆடுவார்கள் என்று ஆகிவிட்டது. வீட்டு விதி எழுத உட்காருகிறவர்கள் புதிசாக என்ன சேர்க்கலாம் என்றுதான் யோசிக்கிறார்கள். ஏற்கெனவே எதைச் சத்தமில்லாமல் கைவிட்டிருக்கிறோம் என்று பார்ப்பதில்லை. எங்கள் பிள்ளைகளின் தாளில் முதல் விதியாக நான் எழுதச் சொன்னது இந்தப் பழைய விதியைத்தான்: பகடையை உருட்டு, அப்புறம் வாளைப் பாரு.

இதில் பணயம் என்னவென்று கேட்பவர்களுக்காக அடுத்ததைச் சொல்கிறேன். 1977 அரக்கக் கையேட்டில் ஓர்க்குகள் ஒழுங்கான தீயவர்கள் என்ற குணத்தோடு பிறக்கிறார்கள். (1974 அட்டவணையில் அவர்கள் பெயர் நடுநிலையிலும் இருந்தது, குழப்பத்தின் பக்கத்திலும் இருந்தது. மூணே வருசத்தில் நடுநிலை போயிடுச்சு.) அதே குறிப்பில், அவர்களுடைய இருப்பிடத்தில் ஆண்களின் எண்ணிக்கையில் பாதி பெண்கள், ஆண்களுக்குச் சமமாகக் குழந்தைகள் என்று கணக்கு வருகிறது. 1980இல் பெட்டியோடு சேர்த்து விற்கப்பட்ட 'எல்லைக் கோட்டை' என்ற சாகசத்தில், இந்தக் குகையில் இத்தனை பெண்கள் இத்தனை குழந்தைகள், இவர்கள் சண்டைக்கு வர மாட்டார்கள் என்று எண்ணிக்கையோடு இருக்கிறது. இத்தனை பொற்காசு கிடைக்கும் என்பதும் அதே பக்கங்களில்தான். சண்டைக்கு வராதவர்களை என்ன செய்வது என்பதற்கு விதி இல்லை. அதை மேஜைகளே முடிவு செய்துகொள்ள வேண்டியதாயிற்று. ஐம்பது வருடமாக விளையாடுகிறவர்கள் சண்டை போட்டுக்கொள்ளும் கேள்வி இது.

கைகாக்ஸ் தன் கடைசிக் காலத்தில், 2005இல், இப்படி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார். சரணடைந்த ஓர்க்குகளைக் கொல்வது தர்மவீரனுக்குத் தகுமா என்பது கேள்வி. தகும் என்றார். அதற்கு ஆதாரமாக ஈரும் பேனும் என்ற பழமொழியைச் சொல்லி, கர்னல் சிவிங்டனின் பெயரையும் சேர்த்துச் சொன்னார். ஈர் வளர்ந்தால் பேன் ஆகும், ஆகவே ஈரையும் நசுக்கு என்பது அதன் பொருள். சிவிங்டன் யார் என்றால், 1864 நவம்பர் 29 அன்று கொலராடோவில் சாண்ட் கிரீக் என்ற இடத்தில், சமாதானமாகத் தங்கியிருந்த செயென், அரப்பஹோ மக்களின் குடியிருப்பில் படையோடு புகுந்தவன். நூற்றைம்பதுக்கு மேல் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். விளையாட்டில் அந்தக் குகையின் கணக்கு எங்கேயிருந்து வந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. 'கற்பனைதானே, ஏன் இவ்வளவு சீரியஸா எடுத்துக்கறீங்க' என்பவர்கள், கற்பனையைப் படைத்தவர் விளக்கம் கேட்டதும் நேராக வரலாற்றுக்குள் போய் ஒரு கொலைகாரனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்ததைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் வீட்டு விதி எதைத் தொட வேண்டும்? என் அபிப்பிராயத்தில், புள்ளியைத் தொட வேண்டும். விளையாட்டில் யார் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை நல்லவன் கெட்டவன் என்ற முத்திரை தீர்மானிப்பதில்லை. எதற்குப் புள்ளி கிடைக்கும் என்பதுதான் தீர்மானிக்கிறது. 1981 பெட்டியில் ஒரு ஓர்க்கைக் கொன்றால் 10 அனுபவப் புள்ளி. வெளியே கொண்டுவந்து சேர்க்கும் ஒவ்வொரு பொற்காசுக்கும் 1 புள்ளி. வீரன் இரண்டாம் படி ஏற 2000 புள்ளி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 200 ஓர்க்குகளை வெட்ட வேண்டும், அல்லது 2000 காசைக் கொண்டுவர வேண்டும். ஆகவே சாமர்த்தியசாலிகள் சண்டையைத் தவிர்த்துவிட்டுக் காசைத் தேடினார்கள். பழைய ஆட்டக்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள், அதில் நியாயமும் உண்டு. பிந்தைய பதிப்புகளில் காசுக்குப் புள்ளி போய், எதிரியை வெல்வதற்குப் புள்ளி என்பதே பிரதானமாக நின்றபோது ரத்தம் கூடியது.

எங்கள் பிள்ளைகள் காசு விதியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, ஒரு குகையிலிருந்து 300 காசு எடுத்துவந்து பங்கு போடும் நேரம். ஒன்பதாவது படிக்கும் பையன் ஒருவன் கேட்டான்: "இது யாரு காசுக்கா?" குகையில் இருந்தவர்களுடையது என்றாள் நடுவர். "அவங்களுக்கு ஏது?" கொள்ளையடிச்சிருப்பாங்க. "யாருகிட்ட?" அவள் பதில் சொல்ல முடியாமல் என்னைப் பார்த்தாள். அன்றைக்கு ஆட்டம் அதோடு நின்றுபோய், அந்தக் காசின் கதையை எல்லோரும் சேர்ந்து கட்ட ஆரம்பித்தார்கள். சுரங்கத்தில் வெட்டியவர்களுக்குக் கொடுக்காத கூலி என்று முடிந்தது. அதிலிருந்து விதி இப்படி ஆனது: காசு வந்த வழி மேஜையில் சொல்லப்பட வேண்டும். உரியவரிடம் சேர்த்தால் முழுப் புள்ளி. உரியவர் இல்லையென்றால் பாதி. கேட்காமல் மடியில் கட்டிக்கொண்டால் காசு உண்டு, புள்ளி இல்லை. இதில் சுவாரசியம் குறையவில்லை. உரியவரைத் தேடிப்போவதே அடுத்த நாலு வாரத்துக்கு ஆட்டமாகிவிட்டது.

கம்பெனிக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 2020இல் வந்த ஒரு புத்தகத்தில், இனத்தோடு ஒட்டியிருந்த கூடுதல் புள்ளிகளை விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். 2022இல், குரங்கு உருவமுள்ள ஓர் இனத்தை மந்திரவாதி பிடித்து அறிவு கொடுத்து அடிமையாக்கியதாக ஒரு கதையை அச்சிட்டு, கறுப்பின வாசகர்கள் உட்படப் பலரும் கொதித்த பிறகு மன்னிப்புக் கேட்டு நீக்கினார்கள். 2024 பதிப்பில் 'இனம்' என்ற சொல்லையே எடுத்துவிட்டு, உயிரின வகையைக் குறிக்கும் வேறொரு சொல்லைப் போட்டார்கள். ஹரிஜன் என்று பேர் வைத்தபோது சேரித் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வரவில்லை என்பதை நம் பாட்டிமார் சொல்வார்கள். இருந்தாலும் இது வெறும் பெயர் மாற்றம் என்று ஒதுக்கவும் முடியாது. கூடுதல் புள்ளியைப் பிறப்பிலிருந்து உண்மையாகவே கழற்றிவிட்டார்கள். கழற்றியதை எங்கே மாட்டினார்கள் என்பதில்தான் எனக்குச் சிரிப்பு. பாத்திரத்தின் முன்கதைத் தொழிலில் மாட்டினார்கள். விவசாயி என்றால் உடல் வலு, தாங்கும் சக்தி, விவேகம் இவற்றில் கூட்டிக்கொள்ளலாம். பிரபு என்றால் வலு, அறிவு, வசீகரம். அறிவுக்கான புள்ளி விவசாயிக்குக் கிடையாது. பிறப்பால் அல்ல, குணத்தாலும் தொழிலாலும்தான் பிரித்தேன் என்று சொல்லும் கீதை வியாக்கியானத்தை நாம் எத்தனை மேடையில் கேட்டிருக்கிறோம்! நடுவர் விரும்பினால் புதிய முன்கதை உண்டாக்கலாம் என்று வழி வைத்திருக்கிறார்கள். அந்த வழி நடுவர் கையேட்டில் இருக்கிறது. எங்கள் தாளில் ஒரு வரி: யார் எந்தத் தொழில் என்றாலும் எதில் வேண்டுமானாலும் கூட்டலாம், ஏன் என்று ஒரு கதை சொன்னால் போதும். களை பறிக்கிற அம்மாவுக்கு அறிவுப் புள்ளி கூட்டிய பெண் சொன்ன கதை, கூலிக் கணக்கில் மேஸ்திரி செய்த திருட்டை மனக்கணக்கிலேயே கண்டுபிடித்தது.

நடுவர் யார் என்பது தீராத விஷயம். எங்கேயும் புத்தகம் வாங்கக் காசுள்ளவரே நடுவராகிறார். கடைசி வார்த்தை நடுவருடையது என்பது இந்த விளையாட்டின் ஆதி விதி. நாங்கள் அதைச் சுழற்சியில் வைத்தோம். ஜான் ஸ்டாவ்ரோபவுலஸ் என்பவர் பரப்பிய ஒரு முறையும் இருக்கிறது: மேஜை நடுவே பெருக்கல் குறி போட்ட ஒரு அட்டை. ஆட்டத்தில் ஏதாவது தன்னைக் காயப்படுத்தினால் யாரும் அதைத் தொடலாம். காட்சி அங்கேயே நீக்கப்படும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கடைசிப் பகுதியின் அருமை நமக்குத்தான் தெரியும். அவமானப்பட்டதாகச் சொன்னால், என்ன சொன்னான், எப்ப சொன்னான், சாட்சி யாரு என்று கேட்கிற காவல் நிலையத்தைப் பார்த்தவர்கள் நாம். ஆனாலும் எனக்கு இந்த அட்டையில் ஒரு குறை தெரிகிறது. காட்சி போய்விடும், எதுவுமே நடக்காத மாதிரி ஆட்டம் தொடரும். சொன்னவன் அப்படியே உட்கார்ந்திருப்பான். ஆகவே பக்கத்தில் கேள்விக்குறி போட்ட இன்னொரு அட்டையும் வைத்திருக்கிறோம். அதைத் தொட்டால் காட்சி நிற்கும், சொன்னவர் பதில் சொல்ல வேண்டும். எதைத் தொடுவது என்பது காயப்பட்டவர் விருப்பம். பிள்ளைகள் இரண்டாவதைத்தான் அதிகம் தொடுகிறார்கள்.

கடைசியாகப் பெயர் வைக்கும் வேலைக்கு வந்தேன். அரக்கக் கையேட்டைப் புரட்டினால் அதில் நம்மாள் ஒருத்தர் இருக்கிறார். ராட்சசன். 1977இலிருந்தே இருக்கிறார். புலித்தலை, வாயில் புகைக்குழாய், துரைமார் வீட்டில் போட்டுக்கொள்ளும் அங்கி. இந்தியாவிலிருந்து வந்த தீய ஆவி, மனித மாமிசம் தின்பவர், குணம் ஒழுங்கான தீமை. மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டால் செத்துப்போவார். இந்த அம்பு எந்தப் புராணத்திலும் இல்லை. 1974இல் ஒளிபரப்பான 'கோல்சாக்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் இருக்கிறது. அங்கிருந்துதான் கையேட்டுக்குள் வந்திருக்கிறது. 2014 பதிப்பிலும் அந்த அம்பின் வாசனை போகவில்லை: நல்லவர் கையிலிருக்கும் மந்திர ஆயுதம் குத்தினால் ராட்சசருக்குக் காயம் இரட்டிப்பு. பலி ராஜாவை உழைக்கும் மக்களின் அரசனாக வாசித்த புலேயின் 'குலாம்கிரி' 1873இல் வந்துவிட்டது. ராமாயணத்தைத் தலைகீழாக வாசித்த பெரியார் நமக்கு இருக்கிறார். இத்தனைக்குப் பிறகும் அமெரிக்கா சுற்றி, டெலிவிஷன் பார்த்து, புலித்தலை மாட்டிக்கொண்டு அதே ராட்சசன் நம் படிப்பகத்துக்கே திரும்பி வருகிறான், அதே தீய பிறவியாக.

அரக்கர் என்று பெயர் எழுதிக்கொடுத்தேன். குணம் என்ற கட்டத்தைப் பிள்ளைகள் காலியாக விட்டார்கள். அம்பை நீக்கிவிடலாமா என்று பேச்சு வந்தது. வேண்டாம், இருக்கட்டும் என்றேன். விதி மட்டும் சேர்த்தோம்: எய்கிறவர், அந்த அம்பை மந்திரித்தவர் பேரையும், அவருக்கு அதற்கு என்ன கூலி கிடைத்தது என்பதையும் முதலில் மேஜையில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது வெறும் மூங்கில் குச்சி. இதுவரைக்கும் யாரும் எய்யவில்லை.